புதிய பாடசாலைக்கு ஒரு விண்ணப்பம்



நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், மார்கழி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், இங்கிலாந்திலே குடியிருக்கும் என் மூத்த மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கையால் எழுதிய கடிதமன்று. இக்காலத்தில் யார் கையால் எழுதுகிறார்கள்? ஆயினும் நீண்ட கடிதம். அதன் சாரம் இது: "அம்மா, எங்கள் பகுதியில் வருகிற செப்டெம்பரில் புதிய ஆரம்பப் பாடசாலை ஒன்று திறக்கப்போகிறார்கள். மொன்ரிசோரி முறை. அரசாங்கப் பணத்தில் நடப்பது. கட்டணம் ஒரு சதமும் இல்லை. ஆனால், இன்னும் கட்டடம் இல்லை. வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில் பழைய பாடசாலை ஒன்றும் இருக்கிறது. அதற்கு நல்ல பெயர். ஜனவரி 15ஆம் திகதிக்கு முன் விண்ணப்பம் போடவேண்டும். நீங்கள் அதிபர். இவளை எதில் சேர்க்கலாம் என்று சொல்லுங்கோ."

"இவள்" என்பது என் பேத்தி. அப்பொழுது அவளுக்கு மூன்று வயதும் ஐந்து மாதமும். தனியார் மொன்ரிசோரிப் பாலர் நிலையம் ஒன்றுக்கு அரைநாள் போய்வந்துகொண்டிருந்தாள். அங்கே தனக்கெனச் சிறு பாயொன்றை விரித்து, அதன்மேல் தன் வேலையைச் செய்து, முடிந்ததும் பாயைச் சுருட்டி உரிய இடத்தில் வைக்கப் பழகியிருந்தாள். இப்பழக்கத்தைக் கண்டு மயங்கியே மகள் புதிய பாடசாலையை விரும்பினாள் என்று நினைக்கிறேன். நானும் சற்று மயங்கினேன். ஐம்பது பிள்ளைகள் படுத்துறங்கும் விடுதிகளைக் கண்காணித்தவள் நான். தன் பாயைத் தானே சுருட்டும் மூன்று வயதுக் குழந்தையின் அருமை எனக்குத் தெரியும்.

எனினும், உடனே விடை எழுத என்னால் முடியவில்லை. எங்கள் நாட்டில் முதலாம் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நேர்முகப் பரீட்சைகளில், மேசைக்கு அப்பாலிருந்து பல ஆண்டு விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். மேசைக்கு இப்பாலிருந்து யோசித்தது அதுவே முதல் முறை. ஆதலால் படித்தேன், அறிந்தவர்களிடம் கேட்டேன், மகளுக்கு மூன்று நீண்ட விடைகள் எழுதினேன். இன்று இந்த ஒலிபரப்பைக் கேட்கும் வீடுகளிற் பலவற்றில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடல் கடந்த நாடுகளில் இருக்கின்றார்கள். இதே கேள்வி அவ்வீடுகளுக்கும் ஒருநாள் வரக்கூடும். ஆகவே நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாமென்று வந்தேன்.

முதலிலே அந்தப் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எங்கள் ஊர்களில் "பிள்ளை மொன்ரிசோரிக்குப் போகிறது" என்றால், பாடசாலைக்கு முந்திய ஏதோவோர் இடத்துக்குப் போகிறது என்பதே பொருள். பெயர்ப்பலகையில் அச்சொல் இருக்கும். உள்ளே நாலு வயதுப் பிள்ளை இரட்டைக்கோட்டுக் கொப்பியில் ஆங்கில நெடுங்கணக்கைப் பத்துத் தரம் எழுதிக்கொண்டிருக்கும். மொன்ரிசோரி அம்மையார் அதைக் கண்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். இத்தனைக்கும் அவர் எங்களுக்கு அந்நியரல்லர். 1939ஆம் ஆண்டு பிரமஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தவர், உலகப் போர் மூண்டதால் திரும்பிப் போக முடியாமல் இந்தியாவில் ஆண்டுக்கணக்காகத் தங்கினார். 1940இல் இத்தாலி போரிற் புகுந்தபோது, பகை நாட்டார் என்ற காரணத்தால் அவருடைய மகன் மாரியோவைப் பிரித்தானிய அரசு தடுப்புக் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளையொட்டியே மகன் விடுவிக்கப்பட்டார். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியப் பயிற்சி நெறியொன்றை நடத்தினார். அவர் காலடி பட்ட மண்ணில் அவர் பெயர் மட்டும் செழித்திருக்கிறது, முறை அருகிவிட்டது.

இது எங்கள் நாட்டின் குறை மட்டுமன்று. மொன்ரிசோரி என்பது எவருக்கும் தனியுரிமையான பெயரன்று. யாரும் அதனைத் தம் வாயிலில் எழுதலாம். இலண்டனிலும் எழுதலாம், வவுனியாவிலும் எழுதலாம். ஆகவே மகளுக்கு எழுதிய முதல் விடையின் முதல் வரி, "பெயர்ப்பலகையை நம்பாதே" என்பதாகவே இருந்தது.

அப்படியானால் உண்மையான முறை எது? 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகும் தாய் தகப்பன்மாரின் பிள்ளைகளுக்காகச் சிறு இல்லமொன்று திறக்கப்பட்டது. அதைப் பொறுப்பேற்ற மரியா மொன்ரிசோரி ஒரு மருத்துவர். பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மேசை நாற்காலிகளைச் செய்வித்தார். பிள்ளை கையால் எடுத்துப் பார்த்துத் தன் பிழையைத் தானே கண்டுகொள்ளத்தக்க பொருள்களை வைத்தார். இளஞ்சிவப்பு நிறக் கனக்கட்டைகள் பத்து. மிகச் சிறியது ஒரு சென்ரிமீற்றர், மிகப் பெரியது பத்துச் சென்ரிமீற்றர். அவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிக் கோபுரம் ஆக்கவேண்டும். ஒழுங்கு தவறினால் கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியர் "பிழை" என்று சொல்லவேண்டியதில்லை. எண்ணுக்குப் பொன்னிற மணிகள் உண்டு. ஒரு மணி ஒன்று. கம்பியிற் கோத்த பத்து மணிகள் பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் சேர்ந்த கட்டி ஆயிரம். ஐந்து வயதுப் பிள்ளை ஆயிரத்தைக் கையிலே தூக்கி அதன் பாரத்தை உணர்கிறது. எங்கள் பிள்ளைகளிற் பலர் ஐந்தாந் தரத்திலும் ஆயிரத்தைக் கரும்பலகையில் மூன்று சுழியமாகவே அறிகின்றார்கள்.

எழுத்துக்கு அரத்தாள் எழுத்துகள். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை இரு விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியைப் பிள்ளை சொல்லும். இதைப் படித்தபோது எனக்கு விசயதசமியன்று ஏடு தொடக்கும் காட்சி நினைவுக்கு வந்தது. தாம்பாளத்திற் பரப்பிய பச்சையரிசியில் குழந்தையின் விரலைப் பிடித்து "அ" என்று எழுதுவிக்கிறோமல்லவா? பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதியதும் அதுவே. நாங்கள் ஒருநாட் சடங்காக வைத்துக்கொண்டதை அம்மையார் அன்றாடப் பயிற்சியாக்கினார்.

இவற்றுக்கு மேலாக இரண்டு விடயங்கள் இன்றியமையாதவை. ஒன்று, வயதுக் கலப்பு. மூன்று முதல் ஆறு வரையான பிள்ளைகள் ஒரே அறையில். ஆறு முதல் ஒன்பது வரை அடுத்த அறையில். மூத்தது இளையதுக்குக் காட்டிக்கொடுக்கும். மற்றது, இடையறாத நீண்ட வேலை நேரம். ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். நாற்பது நிமிடத்துக்கொரு மணியடித்தால் பிள்ளையின் கவனம் மொட்டிலேயே கிள்ளப்படும் என்பது அவர் கருத்து. நாற்பது நிமிடத்துக்கொரு மணியடித்தே காலங்கழித்தவள் நான். அதற்குக் காரணங்களும் உண்டு. நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்னுமிடத்தில் வேறென்ன செய்வது? ஆனாலும் அக்கருத்தை மறுக்க என்னிடம் விடையில்லை.

ஏழைகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இந்த முறை, பல நாடுகளில் செல்வர்களின் முறையாகிவிட்டது ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் பெரும்பாலான மொன்ரிசோரி நிலையங்கள் தனியார் நடத்துவன. மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாரத்திற் சில மணித்தியாலங்களுக்கு அரசு பணம் கொடுக்கும். அதன்பின் அந்த முறையிலேயே தொடர்ந்து படிப்பிக்க விரும்பினால், கட்டணத்தைக் கேட்டதும் சாதாரண உத்தியோகத்தர் குடும்பம் பின்வாங்கிவிடும். ஒல்லாந்து இதற்கு விலக்கு. அங்கே 1917ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம், தனியார் நடத்தும் பாடசாலைகளுக்கும் அரசுப் பாடசாலைகளுக்கும் சமமாகப் பொதுப்பணம் வழங்க வழிசெய்தது. அதனால் மொன்ரிசோரிப் பாடசாலைகள் அங்கு ஊர்ப் பாடசாலைகள் போலவே உள்ளன. நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் பிராங்க், அம்ஸ்ரடாம் நகரில் 1934 முதல் 1941 வரை படித்தது மொன்ரிசோரிப் பாடசாலையொன்றிலேதான். யூதப் பிள்ளைகள் ஏனையோருடன் படிக்கலாகாதென்ற கட்டளை வந்தபோதே அதைவிட்டு நீங்க நேர்ந்தது. ஐக்கிய அமெரிக்காவிலும் 1970களின் நடுப்பகுதி தொடக்கம் அரசாங்க மொன்ரிசோரிப் பாடசாலைகள் தோன்றி, இன்று நூற்றுக்கணக்கில் உள்ளன. இங்கிலாந்திலோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. மகளின் ஆவலுக்குக் காரணம் விளங்குகிறதல்லவா?

அமெரிக்காவின் அரசாங்கப் பாடசாலைகளால் எங்களுக்கு ஒரு நன்மை உண்டு. "மொன்ரிசோரியிற் படித்த பிள்ளை கெட்டி" என்று யாரேனும் சொன்னால், "அப்பிள்ளையின் தாய் தகப்பனும் கெட்டிதானே?" என்று நாம் கேட்கலாம். இவ்வையத்தைத் தீர்க்க அங்கே ஒரு வழி கிடைத்தது. இடத்துக்கு மிஞ்சிய விண்ணப்பங்கள் வந்தபோது சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைத் தெரிந்தார்கள். குலுக்கலில் வென்ற பிள்ளையையும் தோற்ற பிள்ளையையும் ஒப்பிட்டால், இரு பக்கத்துப் பெற்றோரும் ஒரே ஆவலுடையவர்களே. மில்வோக்கி நகரில் அவ்வாறு ஒப்பிட்ட ஆய்வொன்றை ஆஞ்சலின் லில்லாட் என்பவரும் இன்னொருவரும் 2006இல் வெளியிட்டனர். ஐந்து வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் மொன்ரிசோரிப் பிள்ளைகள் முன்னின்றனர். பிணக்குகளைப் பேசித் தீர்ப்பதிலும் அவ்வாறே. 2025இல் 24 அரசாங்க மொன்ரிசோரிப் பாடசாலைகளையும் 588 பிள்ளைகளையும் கொண்டு நடந்த பெரிய ஆய்வும், வாசிப்பிலும் நினைவாற்றலிலும் நன்மையையே காட்டியது. ஆனால் லில்லாட் 2012இல் வெளியிட்ட வேறோர் ஆய்வையே நான் மிகவும் மதிக்கிறேன். மொன்ரிசோரிப் பொருள்களை மட்டும் வைத்து முறையாக நடத்திய வகுப்புகளில் முன்னேற்றம் தெளிவாயிருந்தது. அவற்றோடு வேறு பயிற்சித் தாள்களையும் விளையாட்டுப் பொருள்களையும் கலந்த வகுப்புகள் சாதாரண வகுப்புகளை அவ்வளவாக விஞ்சவில்லை.

இதனால் என்ன? புதிய பாடசாலை மொன்ரிசோரியா என்று கேட்பது போதாது. எவ்வளவுக்கு மொன்ரிசோரி என்று கேட்கவேண்டும். கட்டடமே எழாத பாடசாலையிடம் அதை எப்படிக் கேட்பது? பழைய பாடசாலையென்றால் காலை வேளையிற் சென்று வகுப்பறை வாயிலில் நின்று பார்த்துவிடலாம். நான் எப்பொழுதும் பெற்றோருக்குச் சொல்வது, மண்டபத்தைப் பார்க்காதீர்கள், மலசலகூடத்தையும் முதலாம் வகுப்பு ஆசிரியையின் முகத்தையும் பாருங்கள் என்பது. இல்லாத பாடசாலைக்கு இரண்டுமில்லை. இருப்பது ஒரு கையேடும், ஒரு கூட்டமும்.

அக்கூட்டத்துக்கு மகள் போனாள். கேட்கவேண்டிய கேள்விகளை நான் எழுதியனுப்பியிருந்தேன். அதிபர் நியமிக்கப்பட்டுவிட்டாரா? அவர் முன்னர் ஆரம்பப் பாடசாலை நடத்தியவரா, அல்லது பாலர் நிலையம் மட்டும் நடத்தியவரா? இரண்டும் வேறு வேறு தொழில்கள். ஆசிரியர்கள் அரசாங்கத் தகைமையும் மொன்ரிசோரிப் பயிற்சியும் ஆகிய இரண்டும் உடையவர்களா? நாலு வயதுப் பிள்ளையையே முதலில் சேர்க்கிறீர்கள். மூன்று முதல் ஆறு வரையான கலப்பு எப்படி வரும்? முதல் ஆண்டில் மூத்த பிள்ளைகளே இல்லாத பாடசாலையில் யார் யாருக்குக் காட்டிக்கொடுப்பது? இந்தக் கடைசிக் கேள்விக்கு அங்கிருந்தவர் சிரித்துவிட்டு, "நல்ல கேள்வி" என்றாராம். ஒரு கேள்வியை நல்ல கேள்வி என்று சொல்பவரிடம் பெரும்பாலும் விடை இருப்பதில்லை.

மற்றொன்றும் கேட்கச் சொன்னேன். இங்கிலாந்தில் அரசாங்கப் பணம் பெறும் பாடசாலை, எம்முறையைப் பின்பற்றினாலும், அரசாங்கப் பரிசோதனைகளுக்கு விலக்கன்று. முதலாம் ஆண்டின் முடிவிலே பிள்ளை நாற்பது சொற்களை ஆசிரியருக்கு வாசித்துக் காட்டவேண்டும். அவற்றில் பாதி பொருளற்ற கற்பனைச் சொற்கள். எழுத்தின் ஒலியைக் கூட்டி வாசிக்கத் தெரியுமா என்று பார்ப்பதற்காம். நாலாம் ஆண்டிற் பெருக்கல் வாய்பாட்டுப் பரிசோதனை. ஆறாம் ஆண்டின் முடிவில் வாசிப்பிலும் கணக்கிலும் பரீட்சை. அரத்தாள் எழுத்தால் ஒலி கற்ற பிள்ளைக்கு முதற் பரிசோதனை இடராகாது. ஆனால் கணக்கை ஒருவாரம் தொடாமல் பூங்கன்றுக்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையை என்ன செய்வீர்கள்? சுதந்திரம் என்று விட்டுவிடுவீர்களா, குறித்து வைத்துக் கொண்டுவருவீர்களா? நல்ல மொன்ரிசோரி ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் நாள்தோறும் குறித்து வைப்பார். அந்தக் குறிப்பேட்டின் மாதிரியைக் காட்டச் சொல்.

இக்கேள்விகள் வெறும் மாமியார்க் குற்றம் அல்ல. 2010ஆம் ஆண்டின் சட்டத்தால் இங்கிலாந்தில் "சுதந்திரப் பாடசாலைகள்" என்ற புதுவகை உண்டாயிற்று. பெற்றோர், ஆசிரியர், அறநிலையங்கள் ஆகியோர் திட்டம் வகுத்துக் கொடுத்தால், உள்ளூராட்சிச் சபையைச் சாராமல் மத்திய அரசே நேராகப் பணங்கொடுக்கும். 2011 செப்டெம்பரில் இவ்வகையில் முதன்முதல் திறக்கப்பட்ட 24 பாடசாலைகளுள் ஒன்று, கிரோலி என்னும் நகரில் அமைந்த மொன்ரிசோரி ஆரம்பப் பாடசாலை. பெற்றோர் எவ்வளவு ஆவலோடு பிள்ளைகளைச் சேர்த்திருப்பார்கள்! 2013இல் வந்த கல்விப் பரிசோதகர்கள், பிள்ளைகள் ஒழுங்காக வாசிக்கவும் எழுதவும் கல்லாமல் வெளியேறும் ஆபத்து உண்டென்று எழுதினார்கள். அரசு பணத்தை நிறுத்தியது. 2014 ஏப்பிரிலில், கல்வியாண்டின் நடுவிலேயே, பாடசாலை மூடப்பட்டது. பிள்ளைகள் வேறிடம் தேடிப் போனார்கள். குற்றம் மொன்ரிசோரி முறையினுடையதென்று நான் சொல்லமாட்டேன். மொன்ரிசோரியில் நம்பிக்கை மட்டும் இருந்தால் பாடசாலை நடத்திவிடலாமென்று எவரும் நினைக்கவேண்டாமென்பேன். பாடசாலை என்பது காலை எட்டுமணிக்கு வராத ஆசிரியருக்குப் பதில் ஆள் போடுவதும், நீர்த்தாங்கி வற்றினால் ஓடுவதும், வாசிக்கத் தெரியாத பதினோராவது பிள்ளையைக் கண்டுபிடிப்பதுமாகும்.

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். எங்கள் முறையிலே ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து தூரம், வாக்காளர் இடாப்பு, பழைய மாணவர், சகோதரர் என்று வகை வகையாகப் புள்ளியிடுவோம். பெற்றோரை அழைத்து நேர்முகம் காண்போம். ஒருமுறை ஒரு தகப்பனார் பத்திரங்களை அழகாக அடுக்கி நீட்டினார். விலாசத்தை வாசித்தேன். மடியிலிருந்த குழந்தை, "அது பெரியம்மா வீடு. எங்கட வீட்டில மாடு நிக்குது" என்றது. தகப்பனார் தலைகுனிந்தார். நானும் தலைகுனிந்தேன். பொய்யைச் சொல்லவைத்தது நாங்கள் எழுதிய விதிதானே என்ற எண்ணம் எனக்கு இன்றுவரை போகவில்லை.

இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31ஆம் திகதிக்குள் நாலு வயது நிறைந்த பிள்ளை, அந்தச் செப்டெம்பரிலேயே முதல் வகுப்புக்குப் போகலாம். என் பேத்தி ஆடியிற் பிறந்தவள். வகுப்பிலே மிகச் சிறியவளாயிருப்பாளே என்று மகள் கலங்கினாள். சட்டப்படி கட்டாய வயது, ஐந்து நிறைந்ததை அடுத்துவரும் தவணையிலேதான் தொடங்குகிறது; அதுவரை பாதிநாள் மாத்திரம் அனுப்பப் பெற்றோருக்கு உரிமையுண்டு. இதைப் பலர் கேட்டறிவதில்லை.

பிள்ளை எந்தப் பாலர் நிலையத்திற் படித்தாலும் ஆரம்பப் பாடசாலையில் இடம் தானாக வராது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூராட்சிச் சபையின் படிவத்திலே குறைந்தது மூன்று பாடசாலைகளை, இலண்டனில் என்றால் ஆறுவரை, விருப்ப வரிசையில் எழுதலாம். இந்த வரிசையைப் பற்றி எங்கள் சனங்களிடையே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. "முதலாவதாக எழுதாவிட்டால் அந்தப் பாடசாலை எடுக்காது" என்பார்கள். அப்படியன்று. நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பதைப் பார்த்துப் பாடசாலை இடங்கொடுப்பதில்லை. தன் விதிகளின்படி மட்டுமே பிள்ளைகளை வரிசைப்படுத்துகிறது. பின்னர், இடங்கொடுக்கக்கூடிய பாடசாலைகளுள் உங்கள் வரிசையில் மேலேயுள்ளதைச் சபை தெரிந்து அறிவிக்கும். ஆகவே உண்மையான விருப்பத்தையே முதலில் எழுதலாம், நட்டமில்லை. ஒரே பாடசாலையை மட்டும் எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதே நட்டம். அது கிடைக்காவிட்டால், எங்கோ வெற்றிடமுள்ள பாடசாலை வந்து சேரும்.

இடங்களுக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்தால், அரசின் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளுக்கே முதலிடம். பெற்றாரற்ற பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கும் அந்த விதியை வாசித்தபோது என் மனம் நிறைந்தது. பின்னர் பெரும்பாலும் சகோதரர், அதன்பின் தூரம். தூரத்தை நேர்கோட்டில் அளப்பார்களா நடைபாதையில் அளப்பார்களா என்பது பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடும். விதியை வாசித்துத்தான் அறியவேண்டும். பழைய பாடசாலைக்கு, சென்ற ஆண்டு எவ்வளவு தூரம்வரை இடம் கிடைத்ததென்ற கணக்கு இருக்கும். புதிய பாடசாலைக்கு அது இல்லை. தாயையோ பிள்ளையையோ நேர்முகம் காண்பது அங்கே தடை. நன்கொடை கேட்பதும் தடை. தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேற் கூடாதென்பது சட்டம். இதனால், மேன்முறையீடு செய்தாலும் அவ்வகுப்புகளில் வெல்வது அரிது. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் டிசம்பர் 31வரையாவது அதை வைத்திருக்கவேண்டும்.

புதிய சுதந்திரப் பாடசாலைக்கோ ஒரு தனி நியாயம் உண்டு. முதல் ஆண்டில் அது சபையின் படிவத்துக்குப் புறம்பாகத் தானே நேராக விண்ணப்பம் பெறலாம். அப்பொழுது பெற்றோர் கையில் இரண்டு இடங்கள் ஒருங்கே இருக்கக்கூடும். ஆனால் அமைச்சரோடு நிதியுடன்படிக்கை கைச்சாத்தாகும்வரை புதிய பாடசாலை தரும் இடம் நிபந்தனையோடு கூடியதே. திறந்தால் இடம், திறக்காவிட்டால் இல்லை. இங்கேதான் மகள் இடறப் பார்த்தாள். "இரண்டு இடத்தை வைத்திருப்பது இன்னொரு பிள்ளையின் இடத்தைப் பறிப்பதல்லவா, அம்மா? புதியதையே நம்பி, மற்றதை வேண்டாமென்று எழுதிவிடட்டா?" என்று கேட்டாள். அவளை அப்படி வளர்த்தவள் நான், என்ன சொல்ல? ஒரு கிழமை பொறுத்து எழுதினேன்: "உடன்படிக்கை கைச்சாத்தான மறுநாள், ஓர் இடத்தைத் திருப்பிக் கொடு. அதற்கு முன் கொடாதே. உன் நீதியுணர்ச்சிக்காக நாலு வயதுப் பிள்ளையைத் தெருவில் நிறுத்தாதே."

ஏப்பிரில் 16ஆம் திகதி, வழக்கமான அறிவித்தல் நாளன்று, பழைய பாடசாலையில் இடம் கிடைத்ததாகச் சபை அறிவித்தது. புதிய பாடசாலையின் நிபந்தனைக் கடிதம் ஏற்கெனவே கையிலிருந்தது. வைகாசி கழிந்தது, உடன்படிக்கை இல்லை. ஆனியின் கடைசியில் ஒரு சுற்றுநிருபம் வந்தது: கட்டடம் ஆயத்தமாகாமையால் திறப்பு ஓராண்டு பிற்போடப்படுகிறது. மகள் தொலைபேசியில் அழுதாள். பழைய இடத்தை முன்னரே திருப்பிக் கொடுத்த இரண்டு தாய்மாரை அவளுக்குத் தெரியும். அவர்கள் கோடை முழுதும் சபை அலுவலகத்துக்கு நடந்தார்கள்.

பேத்தி பழைய பாடசாலைக்குப் போனாள். பாயில்லை; மூன்று மணித்தியால வேலையுமில்லை; முப்பது பிள்ளைகள். முதற் கிழமையிலே தன் நாற்காலியைத் தானே தள்ளி வைத்துவிட்டு நின்றாளாம். ஆசிரியை அதைக் கண்டு மற்றப் பிள்ளைகளுக்கும் பழக்கினாராம். நான் என் பங்குக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் பனையோலைப் பெட்டிகள் ஏழு இழைப்பித்து அனுப்பினேன். இளஞ்சிவப்புக் கோபுரத்துக்கு அவை ஈடல்ல. ஓலை வளைந்து கொடுக்கும், பிழையைக் கண்டிப்பாகக் காட்டாது. ஆனாலும் அடுக்கினாள்.

புதிய பாடசாலை அடுத்த ஆண்டு திறந்தது. மகள் ஒருநாட் காலை போய் வகுப்பறையைப் பார்த்து வந்து, நல்ல பாடசாலைதான் என்றாள். ஆனால் பேத்தியை மாற்றவில்லை. அவளுக்குத் தோழிகள் கிடைத்துவிட்டார்கள். இப்பொழுது இளையவனுக்கு மூன்று வயது. சகோதரி படிக்கும் பாடசாலையில் அவனுக்கு முன்னுரிமை உண்டு. புதிய பாடசாலையில் இல்லை, ஆனால் அங்கே மூத்த பிள்ளைகள் இப்பொழுது இருக்கின்றார்கள். இரு பிள்ளைகளை இரு திசையில் காலையிற் கொண்டுபோய்விட ஒருத்தியால் முடியுமா என்று கேட்டிருக்கிறாள். ஜனவரி 15க்கு இன்னும் நாள் இருக்கிறது. மூத்தவள் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியை மறுபடியும் கேட்டு வா என்று எழுதியிருக்கிறேன்: பிள்ளை கணக்கைத் தொடாத கிழமையில் என்ன செய்வீர்கள்? இம்முறை குறிப்பேட்டைக் காட்டுகிறோம் என்று சொல்லியிருக்கின்றார்களாம். சனிக்கிழமை போகிறாள்.